பல் தேய்த்த எறும்புத்தின்னி

அத்தியாயம் ஐந்து

"மூச்சை நல்லா இழு. நாணயத்தையும் சேர்த்து உறிஞ்சிடாதே" என்றாள் அத்தை.

சவடால் கண்ணை மூடிக்கொண்டு அந்த வெள்ளி நாணயத்தின் மேல் மூக்கைக் கொண்டுபோனான். உள்ளங்கை அகல நாணயம். அதில் ஓர் எறும்புத்தின்னி சுருண்டு படுத்திருந்தது. செதில் செதிலாக, மேடும் பள்ளமுமாக, தட்டினால் எழுந்துவிடும்போல வார்த்திருந்தார்கள். அதன் முதுகில் நிஜ எறும்புகள் ஏழெட்டு வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன.

"அத்தை, எறும்புத்தின்னியை எறும்பு தின்னுது. காலம் கெட்டுப் போச்சு."

"உன் ஜோக்கை அப்புறம் வச்சுக்கோ. வாசனை என்ன, அதைச் சொல்லு."

வழக்கமாக மோப்ப வேலை அத்தையுடையது. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். டிக்கெட் வாங்காதவன் கழிப்பறையில் ஒளிந்திருந்தால் கதவுக்கு வெளியே நின்றே கண்டுபிடித்துவிடுவாள். வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் நிலையம் திறந்தபோது அந்த மூக்கைத்தான் முதலாகப் போட்டாள். உதவிக்கு அண்ணன் மகனைச் சேர்த்துக்கொண்டாள். அவனுக்கும் முறையாக ஒரு பெயர் உண்டு. ஆனால் திறந்த வாயை மூடாத புண்ணியத்தால் ஊர் முழுக்க அவன் சவடால். இன்றைக்குப் பார்த்து அத்தைக்கு ஜலதோஷம் பிடித்து மூக்கு அடைத்துப்போக, சவடாலுக்கு மூக்காகப் பதவி உயர்வு கிடைத்திருந்தது.

"சிக்கன்" என்றான் அவன்.

"காலையில என்னடா தின்னே?"

"பிரெட்டும் ஜாமும். சத்தியமா அத்தை! நாணயத்துலதான் கோழி வாசனை."

"என் நாணயத்துல கோழியா!" என்று அலறினார் டைல்ஸ்காரர்.

டைல்ஸ் கடை முதலாளி. இந்த அறைக்குள் வந்தால் மட்டும் கையில் வெள்ளைப் பருத்தி உறை மாட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, வேறு ஆளாகிவிடுவார். நான்கு சுவரிலும் கண்ணாடி அலமாரி. ஒவ்வொரு தட்டிலும் பிளாஸ்டிக் டப்பிக்குள் வெள்ளி நாணயங்கள். எல்லாம் கடலுக்கு நடுவே இருக்கும் சின்னஞ்சிறு தீவு நாடுகள் வெளியிட்டவை. அந்த நாட்டு ஜனத்தொகையை மொத்தமாகத் திரட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துவிடலாம். காட்டு விலங்கு என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒரு முயல்கூட இருக்காது. நாணயத்தில் மட்டும் யானை, புலி, முதலை, ஆந்தை என்று ஒரு மிருகக்காட்சி சாலையே ஓடும்.

"அந்த நாட்டு ஆளுங்க எறும்புத்தின்னியைக் கண்ணால பார்த்திருப்பாங்களா சார்?" என்று கேட்டான் சவடால்.

"நாணயத்துல பார்த்திருப்பாங்க" என்றார் டைல்ஸ்காரர் விறைப்பாக.

விஷயம் இதுதான். அவர் வாங்கிய எறும்புத்தின்னி கறுப்பு. அழுக்கேறிய கறுப்பல்ல. பழைய காலத்துப் பொருள்போலத் தெரிய வேண்டும் என்று நாணயச்சாலையிலேயே கறுப்பேற்றி அனுப்புவது. இன்று காலை அலமாரியைத் திறந்தவர் மாரடைத்து விழாத குறை. கறுப்பு எறும்புத்தின்னி இருந்த இடத்தில் பளபளவென்று ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. போதாததற்கு அதன் மூக்கு நுனியில் மஞ்சள் தெரிந்தது.

"வெள்ளிக்கு மூக்கு மஞ்சளாகுமா? பித்தளை! அசலைத் தூக்கிட்டுப் போலியை வச்சுட்டான்!"

"வச்சது யாருன்னு சந்தேகம் சார்?" என்று கேட்டாள் அத்தை.

டைல்ஸ்காரர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். எத்தனையோ பேருடைய முதுகை நிமிர்த்தி அனுப்பியவள், இன்று தானே கூனிக்குறுகி நின்றாள். அத்தைக்குப் போன் போட்டு வரவழைத்தது அவள்தான். அவளுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை ஒரு மாட்டு டாக்டர். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது நாணயங்களைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். டைல்ஸ்காரர் கடையிலிருந்து வந்த போனைப் பேச வெளியே போன நேரம், மாப்பிள்ளை இந்த அறையில் தனியாக இருந்திருக்கிறார். அதற்குப் பிறகு உள்ளே வந்தவர் யாருமில்லை.

"சாயங்காலத்துக்குள்ள என் எறும்புத்தின்னி வரலைன்னா கல்யாணம் கிடையாது. பத்திரிகை அடிச்சது அடிச்சதாவே கிடக்கட்டும். போலீசுக்கும் போவேன்."

"அப்பா, அவர் அப்படிப்பட்டவர் இல்லப்பா!"

"நான் சொல்லலை. இவர் சொல்றார்."

இவர் என்றது சோபாவில் உட்கார்ந்திருந்தவரை. கழுத்தில் கயிறு கட்டிப் பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்ததால் நாணயக்காரர்கள் வட்டாரத்தில் அவர் பெயர் லென்ஸ். எறும்புத்தின்னியை விற்றவரும் அவரே. மடியில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார்.

"நான் குடுத்தது கறுப்பு. இது வெள்ளை. என் கையால குடுத்ததை எனக்கு அடையாளம் தெரியாதா?" என்றார் லென்ஸ் உருக்கமாக. "நண்பர் மனசு உடைஞ்சு போயிட்டார். அதான் இன்னொரு எறும்புத்தின்னியும், அந்த வரிசையில மிச்சமிருக்கிற மிருகங்களும் கொண்டுவந்திருக்கேன். பதிலுக்கு இந்த அலமாரியில இருக்கிற பழசை எல்லாம் எடுத்துக்கிறேன். நஷ்டம் எனக்குத்தான். பரவாயில்ல."

"தங்கமான மனுஷன்" என்று டைல்ஸ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்."

அத்தை கர்சீப்பில் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள். "ஏன் சார், உங்க கறுப்பு நாணயத்தையே யாராவது தேய்ச்சு வச்சிருந்தா?"

டைல்ஸ்காரரும் லென்ஸும் ஒரே நேரத்தில் நெஞ்சில் கை வைத்தார்கள்.

"தேய்க்கிறதா? நாணயத்தையா? எந்த மனுஷன் தேய்ப்பான்?"

"துணியாலகூடத் தொட மாட்டோமே அம்மா! தேய்ச்சா மதிப்பே செத்துப்போயிடும். நாங்க சின்ன வயசுல கத்துக்கிற முதல் பாடமே அதுதான்!" என்றார் லென்ஸ்.

"சரி சரி, நான் கேட்கவே இல்ல" என்று அத்தை பின்வாங்கினாள். "டேய், கோழியைப் பிடி."

கோழி என்றால் நேரே சமையலறைதானே. டைல்ஸ்காரர் மனைவி அங்கே முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். சவடால் அடுப்பையும் சட்டியையும் கடைசியில் அந்த அம்மாவின் புடவைத் தலைப்பையும் முகர்ந்து பார்த்தான்.

"தம்பி, என்ன இது?"

"வேலைம்மா. இந்த வீட்டுல கடைசியா எப்போ கோழி சமைச்சீங்க?"

"அவருக்குக் கொழுப்பு அதிகம்னு டாக்டர் சொன்ன நாள்லேருந்து கோழியே கிடையாதுப்பா. ஏன்?"

"சாரோட ரூம்ல கோழி வாசனை வருது."

அந்த அம்மாவின் கையில் கத்தி நின்றது. அப்புறம் அவர் நேரே நாணய அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தாலும் குரல் தெளிவாகக் கேட்டது. "நாணயம் பார்க்கிறேன், நாணயம் பார்க்கிறேன்னு கதவைப் பூட்டிக்கிட்டு உள்ள கோழியா தின்னுட்டு இருந்தீங்க? அதுக்குத்தான் கையில உறையா?"

"ஐயோ, நான் தின்னலை! என் அம்மா சத்தியமா தின்னலை!"

"ஒரு குடும்பத்தைக் கெடுத்தாச்சு" என்றாள் அத்தை. "அடுத்தது?"

"வாசனைல இன்னொண்ணும் இருக்கு அத்தை" என்று சவடால் தலையைச் சொறிந்தான். "கோழிக்குப் பின்னாடி லேசா ஒரு குளிர்ச்சி. காலையில வாய் கொப்பளிச்ச மாதிரி. செதில் இடுக்குல வெள்ளையா ஏதோ காய்ஞ்சும் கிடக்கு. கோழி பல் தேய்ச்சா இப்படித்தான் இருக்கும்."

"கோழிக்கு ஏதுடா பல்லு?"

"அதானே."

அத்தை அப்படியே நின்றாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, உன் வருங்காலம் மாட்டை மட்டும்தான் பார்ப்பாரா? நாய் பூனையும் பார்ப்பாரா?"

மகளே காரை ஓட்டினாள். கிளினிக்கில் ஓர் இரும்பு மேஜை மேல் கன்றுக்குட்டி அளவு நாய் ஒன்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. மாட்டு டாக்டர் அதன் தாடையைப் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஆ காட்டு... என் செல்லமில்ல... கடைவாய்ப் பல்லு மட்டும்தான் பாக்கி..." நாய் சொக்கிப்போய் பேஸ்ட்டை நக்கிக்கொண்டிருந்தது.

சவடால் மேஜையில் கிடந்த டியூபை எடுத்து ஒரே ஒரு தடவைதான் முகர்ந்தான்.

"அத்தை! இதே கோழிதான்!"

"சிக்கன் ஃப்ளேவர்" என்றார் டாக்டர் பெருமையாக. "நாய்ங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நீங்க...?" அப்போதுதான் பின்னால் நின்ற மகளின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த பிரஷ் நழுவி நாயின் தலையில் விழுந்தது.

அடுத்த நிமிடமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பாவம், பொய் சொல்லிப் பழகாத மனுஷன்.

"மாமா போன் பேசப் போயிருந்தாரா... அந்தத் தட்டுல எல்லா நாணயமும் பளிச்சுனு இருக்கு, இது ஒண்ணு மட்டும் கன்னங்கரேல்னு இருக்கு. அவருக்குக் கண்ணு சரியாத் தெரியலை போலிருக்கு, கவனிக்காம விட்டுட்டார்னு நினைச்சேன். பையில புது பிரஷ்ஷும் பேஸ்ட்டும் இருந்தது. வரப்போற மாப்பிள்ளை ஒரு உபகாரம் பண்ணக் கூடாதா? பார்த்ததும் சந்தோஷப்படுவார்னு..."

"சந்தோஷப்பட்டு உங்களைக் கம்பி எண்ண வைக்கப் போறார்" என்றான் சவடால். "அதுவும் எறும்புத்தின்னிக்குப் பல்லே கிடையாது. அதுக்குப் பல் தேய்ச்சுவிட்ட முதல் டாக்டர் நீங்கதான்."

"கிடையாதுதான். நான் செதிலைத்தான் தேய்ச்சேன்."

மகளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "நாய் பேஸ்ட்டா! என் அப்பாவோட நாணயத்துல நாய் பேஸ்ட்டா! ஆன்ட்டி, இதை அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. திருடினார்னு சொன்னாக்கூட என்னிக்காவது மன்னிச்சிடுவார். தேய்ச்சார்னு தெரிஞ்சா ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார். எனக்கு இவரைத் தவிர யாரும் வேண்டாம் ஆன்ட்டி, இவ்வளவு முட்டாளா இருந்தாலும் இவர்தான் வேணும்."

டாக்டர் முகம் ஒரு பக்கம் மலர்ந்து ஒரு பக்கம் வாடியது. உண்மையைக் கண்டுபிடித்தும் பிரயோஜனமில்லாத கேஸ் சவடால் பார்த்ததில் இதுதான் முதல். அத்தை மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டர், மூக்கு நுனியை ரொம்ப அழுத்தித் தேய்ச்சீங்களா?"

"ஆமா. அங்கதான் கறுப்பு விடவே மாட்டேன்னுடுச்சு. விடுவேனா நான்?"

அத்தை மூன்று தும்மல் தும்மினாள். "பிரஷ்ஷையும் பேஸ்ட்டையும் எடுத்துக்கோங்க. வண்டியில ஏறுங்க எல்லாரும். சீக்கிரம்!"

அவர்கள் திரும்பி வந்தபோது டைல்ஸ்காரர் வீட்டில் பாதி அலமாரி காலி. லென்ஸ் ஒவ்வொரு நாணயமாகத் துணியில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டிருந்தார். டைல்ஸ்காரர் ஒவ்வொன்றுக்கும் பெண்ணைப் புக்ககம் அனுப்புகிறவர்போல விடை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க சார்" என்றாள் அத்தை. "உங்க நாணயம் திருடு போகல. இந்த எறும்புத்தின்னிதான் உங்க எறும்புத்தின்னி. இவர் தேய்ச்சிருக்கார்."

மாட்டு டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டார். நாய் பேஸ்ட்டையும் மறைக்காமல் சொன்னார். டைல்ஸ்காரர் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது.

"தேய்ச்சியா? தேய்ச்சீங்களா? திருடனுக்குக்கூட என் பொண்ணைக் குடுப்பேன்! தேய்ச்சவனுக்குக் குடுக்க மாட்டேன்! திருடனுக்காவது மதிப்பு தெரியும்!"

"அப்பா!"

"வெளியே போகச் சொல்லு!"

லென்ஸ் வருத்தமாகத் தலையாட்டினார். ஆனால் கை மட்டும் முன்னைவிட வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"போறோம் சார்" என்றாள் அத்தை. "ஒரே ஒரு சந்தேகம். இதுதான் நீங்க இவர்கிட்ட வாங்கின நாணயம்னா, அது மூக்கு ஏன் மஞ்சள்?"

லென்ஸ் துணி சுற்றுவதை நிறுத்தினார்.

"வெள்ளியைத் தேய்ச்சா உள்ளேயும் வெள்ளிதானே சார் வரணும்? காலையில நீங்கதானே சொன்னீங்க, பித்தளைன்னு?"

"அது... அது மாத்தி வச்சது!" என்றார் லென்ஸ். "டாக்டர் பொய் சொல்றார்!"

"செதில் இடுக்கைப் பாருங்க. பள்ளத்துல இன்னும் பழைய கறுப்பு இருக்கு. போலி கொண்டுவந்து வைக்கிறவன், பள்ளத்துல கறுப்பைப் பூசி, மேட்டுல பளபளப்பாக்கி, அதுக்கு மேல நாய் பேஸ்ட்டையும் தடவிட்டா வைப்பான்? எவனுக்கு அவ்வளவு பொறுமை? தகராறு எதுக்கு, அந்தப் பெட்டியில இருக்கிற முதலையை எடுங்க. அதையும் கொஞ்சம் தேய்ச்சுப் பார்த்துடலாம்."

லென்ஸ் பெட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். "தேய்க்கிறதா! மதிப்பே போயிடும்! நீங்களே சொல்லுங்க சார், நாம யாராவது தேய்ப்போமா?"

"அதான் சார் விஷயம்" என்றாள் அத்தை. "நீங்க யாரும் தேய்க்க மாட்டீங்க. செத்தாலும் தேய்க்க மாட்டீங்க. அதை நம்பித்தான் இவர் பித்தளைக்கு மேல லேசா வெள்ளி ஏத்தி, அதுக்கு மேல கறுப்பு பூசி வித்திருக்கார். விவரம் தெரிஞ்ச ஒருத்தர் கையிலயும் மாட்டவே மாட்டார். ஒண்ணுமே தெரியாத ஒரு மாப்பிள்ளை வந்து அன்பா தேய்ச்சாத்தான் உண்டு."

டைல்ஸ்காரர் லென்ஸைப் பார்த்தார். பிறகு அத்தை நீட்டிய பிரஷ்ஷைப் பார்த்தார். அதை வாங்கிக்கொண்டார். பெட்டியிலிருந்து முதலையை எடுத்தார். ஒரு சொட்டு பேஸ்ட் வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நாணயத்தைத் தேய்த்தார். முதலில் பயந்து பயந்து, அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு, வெறியோடு தேய்த்தார். அறை முழுக்கக் கோழி மணத்தது.

முதலையின் மூக்கில் மஞ்சள் எட்டிப் பார்த்தது.

"முதலைக்கு மஞ்சள் காமாலை" என்றான் சவடால்.

லென்ஸ் பையை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பாய்ந்தார். அங்கே அத்தை இரண்டு கையையும் அகல விரித்து நின்றாள். ஓடுகிற ரயிலிலேயே ஆளைத் தப்பவிடாதவள் நிற்கிற வீட்டிலா விடுவாள்? பையும் பெட்டியும் இறங்கின. டைல்ஸ்காரர் மனைவி பூரிக்கட்டையோடு காவல் இருக்க, மகள் போலீசுக்குப் போன் செய்தாள். லென்ஸ் சோபாவில் சுருண்டுகொண்டார், நாணயத்தில் இருந்த எறும்புத்தின்னி மாதிரியே.

எல்லாம் சுபம் என்று சவடால் கையைத் தட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தான். டைல்ஸ்காரர் மட்டும் அலமாரி முன்னால் அசையாமல் நின்றார்.

"இந்த ஆந்தையும் இவன்கிட்ட வாங்கினதுதான்" என்றார். "எனக்கு உயிர் இது. இதுவும் பித்தளையா? தெரியாம என்னால தூங்க முடியாது. தேய்க்கவும் என்னால முடியாது." மாட்டு டாக்டர் பக்கம் திரும்பி டப்பியை நீட்டினார். "நீங்களே தேய்ங்க. நான் வெளியே நிக்கிறேன்."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே பிரஷ் சத்தம். வெளியே டைல்ஸ்காரர் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா! ஆந்தை கண்ணுல படாம!" என்று கத்தினார் அவர்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. டாக்டர் முகம் சூரியனாகப் பிரகாசித்தது. கையில் ஆந்தை, அதைவிடப் பிரகாசமாக.

"மாமா! அசல்! எவ்வளவு அழுத்தியும் வெள்ளிதான் வருது! கறுப்பு சுத்தமாப் போயிடுச்சு!"

டைல்ஸ்காரர் அந்த ஆந்தையை வாங்கிப் பார்த்தார். அசல் என்றதும் வாய் சிரித்தது. பளபளவென்று மின்னியதைப் பார்த்ததும் கண் அழுதது. இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்வது என்று தெரியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க" என்றார் அவர் மனைவி பூரிக்கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "பக்கத்துத் தெரு நகைக்கடையில மிஷின் இருக்கே. சும்மா உள்ள வச்சாலே வெள்ளியா பித்தளையான்னு சொல்லிடுமே. எதுக்குத் தேய்ச்சீங்க?"

அத்தை கர்சீப்பால் முகத்தை முழுசாக மூடிக்கொண்டாள். சவடால்கூட வாயை மூடிக்கொண்டான். போச்சு, கல்யாணம் இப்போது நிஜமாகவே போச்சு என்று மகள் நினைத்தாள்.

டைல்ஸ்காரர் தரையில் உட்கார்ந்தபடியே கேட்டார். "லென்ஸ் என்னைக் கூடப் பிறந்தவனா நினைச்சுப் பழகுறான்னு நம்பினேன். அவன் ஏமாத்தினான். இந்த டாக்டரை எனக்குப் பிடிக்கவே இல்ல. இவர் என் அலமாரியைக் காப்பாத்திட்டார். மனுஷனைப் பார்க்கத் தெரியாத நான் நாணயத்தைப் பார்த்து என்ன கிழிச்சேன்?" மூக்கை உறிஞ்சிக்கொண்டு மகளைப் பார்த்தார். "கல்யாணம் நடக்கும்மா. இவர்தான் மாப்பிள்ளை."

மகள் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏதாவது செய்தே ஆக வேண்டும்போலக் கை பரபரத்தது. அலமாரியின் கடைசித் தட்டில் அவர் பார்வை நின்றது.

"மாமா, அந்த ஆமைகூடக் கொஞ்சம் கறுப்பா..."

"டேய்! தொட்டே, கையை ஒடைச்சிடுவேன்டா!" என்று பாய்ந்து எழுந்தார் டைல்ஸ்காரர்.

அதைக் கேட்டதும் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா "டா" போடாமல் மரியாதையாகப் பேசுவது வெளியாட்களிடம் மட்டும்தான்.